மூன்று இன்ஜின் கழுதை

இயேசு எருசலேமுக்குள் நுழைந்தது கழுதையின் மேல். அதுவும் சொந்தக் கழுதை இல்லை. இரவல். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லி அவிழ்த்து வந்தது.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் ஜெஸ்ஸி டுப்ளான்டிஸ் என்றொரு தொலைக்காட்சிப் போதகர். 2018 மே மாதம் அவர் இந்தக் கழுதை விஷயத்தை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். இயேசு இன்று பூமியில் இருந்தால் கழுதையில் ஏறமாட்டாராம். விமானத்தில்தான் பறப்பாராம். எந்த விமானம் என்பதிலும் குழப்பம் இல்லை. பால்கன் 7எக்ஸ். மூன்று இன்ஜின். விலை 5.4 கோடி டாலர். அன்றைய கணக்கில் சுமார் 360 கோடி ரூபாய். அவருடைய ஊழியத்துக்கு இது நான்காவது விமானம். முந்தைய மூன்றும் கர்த்தருக்காகவே பறந்து பறந்து தேய்ந்துவிட்டனவாம்.

ஊர் சிரித்தது. உடனே விளக்கம் வந்தது. உங்களிடம் பணம் கேட்கவில்லை, விசுவாசிக்கத்தான் சொன்னேன் என்றார். விசுவாசத்தைச் செக்காக அனுப்பக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை.

டெக்சாஸின் கென்னத் கோப்லாண்ட் இவரைவிட வெளிப்படையான ஆள். போதகருக்கு எதற்குச் சொந்த விமானம் என்பதை 2015-இல் இதே டுப்ளான்டிஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியிலேயே விளக்கினார். எல்லோரும் போகிற விமானத்தில் ஏறினால் ஜனங்கள் வந்து ஜெபம் பண்ணச் சொல்கிறார்களாம். நீளக் குழாய்க்குள் பிசாசுகளோடு அடைபட்டது போல ஆகிவிடுகிறதாம். ஜெபம் பண்ணுவதே பிழைப்பாக இருப்பவருக்கு ஜெபம் கேட்டு வருகிறவன் தொல்லை. முடிவெட்டுகிறவர் தலையில் முடியோடு வந்தவனைப் பார்த்து முகம் சுளித்த மாதிரி.

2018 ஜனவரியில் அவருக்குக் குழாயிலிருந்து விடுதலை கிடைத்தது. கல்ஃப்ஸ்ட்ரீம் V வாங்கிவிட்டதாக அறிவித்தார். விற்றவர் டைலர் பெர்ரி, சினிமாக்காரர். சினிமாக்காரரின் சம்பாத்தியத்துக்கு வரி உண்டு. போதகரின் காணிக்கைப் பைக்கு இல்லை. விமானம் ஒன்றுதான், கைமாறியதும் பரிசுத்தமாகிவிட்டது.

ஜார்ஜியா மாநிலத்தில் இன்னொருவர். பெயர் கிரெஃப்ளோ டாலர். நான் வைத்த பெயர் இல்லை, குடும்பப் பெயரே அதுதான். 2015-இல் இவருக்கு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 தேவைப்பட்டது. விலை 6.5 கோடி டாலர். இரண்டு லட்சம் பேர், தலைக்கு 300 டாலர் என்று வேண்டுகோள் போனது. கேலி தாங்காமல் வேண்டுகோளை இறக்கினார்கள். கொஞ்ச நாளில் சபையின் நிர்வாகக் குழு, எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்றது.

கதை அங்கே முடியவில்லை. 2022 ஜூனில் டாலர் மேடையேறி, தசமபாகம் பற்றி இத்தனை ஆண்டுகள் தான் போதித்தது சரியில்லை என்றார். அதைப் பற்றிய தன் புத்தகங்களையும் ஒலிநாடாக்களையும் தூக்கிப் போடச் சொன்னார். மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார். கடைக்காரன் தராசு தப்பு என்று ஒப்புக்கொண்டால் மிச்சப் பணத்தைத் தருவான். இங்கே தராசைத் தூக்கிப் போடச் சொன்னதோடு கணக்கு முடிந்தது.

பணக்காரச் சாமியார் கதை நம்மூரில் இல்லாததா என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஏமாறுகிறவன் காசு, ஏமாற்றுகிறவன் பாடு என்று விட்டுவிட நானும் தயார்தான். ஆனால் அந்த விமானத்தில் ஏறாதவன், அந்தச் சபை எந்தத் தெருவில் இருக்கிறது என்றே தெரியாதவன், அவனும் இதற்குக் காசு கொடுக்கிறான். வரிவிலக்கு என்றால் அதுதான். ஒருவன் கட்டாத வரியை மற்றவர்கள் சேர்ந்து கட்டுவது. ரோடு போடாமல் இருக்கப் போவதில்லை. தீயணைப்பு வண்டி வராமல் இருக்கப் போவதில்லை. சபை தீப்பிடித்தாலும் அதே வண்டிதான் வரும். டீசல் மட்டும் நம்முடையது.

அமெரிக்காவில் பூனைக் காப்பகம் நடத்துகிறவர் ஆண்டுதோறும் வரித்துறைக்குப் படிவம் 990 அனுப்ப வேண்டும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மேலே இருப்பவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு. அதை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ரொம்பச் சின்னக் காப்பகம் என்றால்கூட மின்னஞ்சலட்டை மாதிரி ஒன்றாவது தட்டிவிட வேண்டும். மூன்று ஆண்டு தொடர்ந்து அனுப்பாவிட்டால் விலக்கு தானாகவே ரத்து.

சபைக்கு இது எதுவும் இல்லை. வரிவிலக்குக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம், தானாக வரும். படிவம் 990 வேண்டாம். சம்பளம் சொல்ல வேண்டாம். சந்தேகம் வந்து வரித்துறை உள்ளே போக நினைத்தாலும் 1984-இல் போட்ட சட்டம் வாசலில் நிற்கிறது. கருவூலத் துறையின் உயர் அதிகாரி ஒருவர் நியாயமான காரணம் இருக்கிறது என்று எழுத்தில் வைத்த பிறகே விசாரணை தொடங்கலாம். பூனை பாலுக்குக் கணக்குக் காட்டுகிறது. மேய்ப்பர் விமானத்துக்குக் காட்ட வேண்டியதில்லை.

அதே நாட்டில் ஓட்டலில் பரிமாறுகிற பெண் மாதம் 20 டாலரோ அதற்கு மேலோ டிப்ஸ் வாங்கினால் முதலாளியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். 20 டாலர். அவள் நிற்கிற இடத்துக்கு மேலேதான் கல்ஃப்ஸ்ட்ரீம் பறக்கிறது.

இந்தச் சலுகையின் ருசி தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வாஷிங்டனில் ஃபேமிலி ரிசர்ச் கவுன்சில் என்று ஒரு அமைப்பு. வேலை: அரசியல். சட்டம் எப்படி இருக்க வேண்டும், நாடாளுமன்றத்தில் யாரை எப்படி நெருக்க வேண்டும் என்கிற வேலை. ஆண்டுதோறும் படிவம் 990 அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2020-இல் வரித்துறை இவர்களைச் 'சபைகளின் கூட்டமைப்பு' என்று ஏற்றுக்கொண்டது. அலுவலகம் அதே. ஆட்கள் அதே. படிவம் மட்டும் நின்றது. நம்மூரில் புறம்போக்கில் ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையார் முளைப்பார். அங்கே சபை முளைக்கிறது. அதற்கு வரித்துறையின் முத்திரையும் உண்டு.

எவ்வளவு எளிது என்று காட்ட ஜான் ஆலிவர் என்ற தொலைக்காட்சி நகைச்சுவையாளர் 2015-இல் தானே ஒரு சபை தொடங்கினார். பெயரைத் தமிழில் சொன்னால் நித்திய விலக்கு மாதா ஆலயம். இந்தப் போதகர்கள் காணிக்கையை 'விதை' என்பார்கள். நூறு டாலர் விதைத்தால் கடவுள் பல மடங்காக அறுக்கத் தருவார், நோய் தீரும், கடன் அடையும். கடன் இருப்பவனிடம்தான் இந்தப் பேச்சு அதிகம் செல்லும். ஆலிவரும் விதை கேட்டார். ஆயிரக்கணக்கான டாலர் வந்து குவிந்தது. சிலர் பாக்கெட்டில் நிஜ விதையே அனுப்பினார்கள். கொஞ்ச வாரத்தில் கடையைச் சாத்தி, பணத்தை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். வேடிக்கைக்குத் தொடங்கிய சபை உண்டியலைக் காலி செய்துவிட்டுப் போனது. வேடிக்கை இல்லாத சபைகளிடம் அந்த வேடிக்கையை எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்கு வருவோம். போதகர் குடியிருக்கும் வீட்டுக்கோ, அவருக்குத் தரும் வீட்டுப்படிக்கோ வருமான வரி கிடையாது. சட்டப் பிரிவு 107. கையில் கொடுக்கும் படிக்கு 1954 முதல் இந்தச் சலுகை. வரியில்லாப் படியை வைத்து வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டிவிட்டு, அந்த வட்டியையும் தன் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஒரே ரூபாய்க்கு இரண்டு முறை தள்ளுபடி. விஸ்கான்சினில் பார்பரா கிராப் என்ற நீதிபதி, ரொக்கப் படிக்கான சலுகை அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று 2013-இலும் 2017-இலும் இரண்டு முறை தீர்ப்பெழுதினார். மேல்முறையீட்டில் இரண்டும் நிற்கவில்லை. 2019-இல் சலுகை பத்திரமாக வீடு திரும்பியது.

இது ஏதோ ஓட்டு வீட்டில் இருக்கிற கிராமத்துப் போதகருக்கு என்று நினைத்துத்தான் முதலில் நானும் இரக்கப்பட்டேன். கோப்லாண்டின் ஏரிக்கரை வீட்டை ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் 2021-இல் எழுதியது. மதிப்பு 70 லட்சம் டாலர். போதகர் இல்லம் என்ற பெயரில் சொத்து வரி பூஜ்யம். விலக்கு இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருக்கும். டெக்சாஸ் சட்டம் கண்டிப்பானதுதான்: போதகர் இல்லத்துக்கு ஒரு ஏக்கருக்கு மேல் விலக்கு கிடையாது. ஏக்கருக்கு மேலே எத்தனை அடி உயர்ந்தாலும் சட்டம் அண்ணாந்து பார்ப்பதில்லை.

யாரும் கேட்கவே இல்லையா? கேட்டார்கள். 2007 நவம்பரில் சார்லஸ் கிராஸ்லி என்ற செனட்டர் ஆறு போதகர்களுக்குக் கடிதம் போட்டார். கோப்லாண்ட், டாலர், பென்னி ஹின், எடி லாங், ஜாய்ஸ் மேயர், பாலா ஒயிட். செனட்டர் குடியரசுக் கட்சிக்காரர். நாத்திகர் என்று ஓரங்கட்ட வழியில்லை. மேயருக்குப் போன கடிதத்தில் ஒரு கேள்வி: தலைமையகத்துக்கு வாங்கிய 23,000 டாலர் கமோடு எதற்கு?

நம்மூரில் கமோடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். அமெரிக்கர்களுக்கும் அதுதான் வந்தது. ஆனால் அது பளிங்கு மேல்பலகை வைத்த இழுப்பறை மேஜை. அந்த ஒரு சொல்லை வைத்து நாடு சிரித்துத் தீர்த்தது. சிரித்த சிரிப்பில் மற்ற கேள்விகள் காதில் விழவில்லை. கழிப்பறை என்று நினைத்தால் ஊழல், இழுப்பறை என்று தெரிந்தால் பரவாயில்லை. 23,000 டாலர் அதே 23,000 டாலர்தான்.

மூன்றாண்டு தாண்டி 2011 ஜனவரியில் விசாரணை முடிந்தது. மேயரும் ஹின்னும் ஒத்துழைத்தார்கள். மற்ற நால்வரிடமிருந்து முழு விவரம் வரவில்லை. தண்டனை? யாருக்கும் இல்லை. அபராதம்? ஒரு சென்ட் இல்லை. தங்களைத் தாங்களே திருத்திக்கொள்ளட்டும் என்று முடிந்தது. ஆடு மேய்க்கும் பொறுப்பை ஓநாய் தானே முறைப்படுத்திக்கொள்ளும் என்று அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, கோப்பை மூடினார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரான பாலா ஒயிட், 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையின் மத நம்பிக்கை அலுவலகத்துக்குத் தலைவியானார்.

அதே 2025 ஜூலையில் இன்னொன்று நடந்தது. தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று வரிவிலக்கு வாங்குகிற அமைப்புகள் சொல்லக் கூடாது என்பது 1954 முதல் சட்டம். விலக்குக்குப் பதிலாக அவர்களிடம் கேட்டது கிட்டத்தட்ட அந்த ஒன்றைத்தான். பிரசங்கத்தில் சபையாருக்கு வேட்பாளரைச் சுட்டிக்காட்டினால் அந்தச் சட்டம் பாயாது என்று வரித்துறையே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. கணக்கு கேட்கப் போன அரசு, வாயையும் திறந்துவிட்டுத் திரும்பியது.

விமானக்காரர்களாவது செலவழிக்கிறார்கள். பைலட்டுக்குச் சம்பளம், பெட்ரோல் பங்குக்கு வியாபாரம். யூட்டா மாநிலம் சால்ட் லேக் சிட்டியில் இதற்கு நேர்மாறான ஓர் அதிசயம். மார்மன் சபை. விசுவாசிகள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் சபையின் தேவாலயத்துக்குள் நடக்கும் உயர்ந்த சடங்குகளுக்குப் போக முடியாது. செலவு போக மிஞ்சியது 1997-இல் தொடங்கிய என்சைன் பீக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குப் போனது. அங்கே வளர்ந்தது. ஆப்பிள் பங்கு, மைக்ரோசாஃப்ட் பங்கு என்று வளர்ந்துகொண்டே போனது. உள்ளே வேலை பார்த்த ஒருவர் வரித்துறைக்குக் கொடுத்த புகார் 2019 டிசம்பரில் வெளியானபோது உலகத்துக்குத் தெரிந்த தொகை சுமார் 10,000 கோடி டாலர்.

மறுபடி வாசிக்க வேண்டாம். பூஜ்யங்கள் சரிதான்.

எதற்கு இவ்வளவு? மழைநாளுக்கு என்றது சபை. எந்த மழை என்பதற்கு என்சைன் பீக்கின் தலைவர் 2020-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலிடம் ஒரு குறிப்புத் தந்தார்: கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு முன்னால் வரப்போகும் காலத்துக்கு. திரும்பி வருகிறவர் தச்சர். வந்ததும் முதல் வேலையாகப் பங்குச் சந்தை நிலவரம் கேட்பார் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ. ஏன் இத்தனை ஆண்டு மறைத்தீர்கள் என்ற கேள்விக்கும் பதில் வந்தது. தசமபாகம் என்பது சபையின் தேவைக்காக அல்ல, விசுவாசியின் அர்ப்பணிப்புக்காக. இருப்பு தெரிந்தால் கொடுக்க வேண்டாம் என்று ஜனங்களுக்குத் தோன்றிவிடும். அந்த நிலைமை வரக் கூடாது என்று சபை நினைத்தது என்றார். இதைவிடச் சுத்தமான வாக்குமூலத்தை எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் வாங்க முடியாது.

மறைத்த விதம் இன்னும் அழகு. பெரிய முதலீட்டாளர்கள் கையிருப்புப் பங்குகளைப் பங்குச் சந்தை ஆணையத்திடம் சொல்ல வேண்டும். சபை தன் பெயரில் சொல்லவில்லை. 13 போலி நிறுவனங்களை நாட்டின் பல மூலைகளில் பெயருக்கு நிறுத்தி, அவற்றின் பெயரில் சொன்னது. அந்த முகவரிகளில் வேலை நடக்கவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் பதிவுக் குரல். பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சி பற்றிய கட்டளை நிறுவனப் பதிவுக்குப் பொருந்தாது போலிருக்கிறது. 2018 வாக்கில் இப்படி நிழலில் நின்ற பங்குகள் 3,200 கோடி டாலர். 2023 பிப்ரவரியில் ஆணையம் கண்டுபிடித்து, அபராதம் போட்டது. என்சைன் பீக்குக்கு 40 லட்சம், சபைக்கு 10 லட்சம். மொத்தம் 50 லட்சம் டாலர்.

கணக்குப் போட்டுச் சொல்கிறேன். 32,000 ரூபாயை ஒளித்து வைத்தவனுக்கு ஐந்து ரூபாய் அபராதம். பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் பிடிபட்டவனுக்கு அந்த ஆணையத்தின் முகவரியை யாராவது கொடுங்கள். சபை தவறுகளுக்கு வருந்தியது. விஷயம் முடிந்துவிட்டதாகக் கருதுவதாகவும் அதே மூச்சில் சொன்னது. ஐந்து ரூபாய்க்கு நானும் வருந்துவேன்.

தர்மம் செய்கிறோமே என்பார்கள். செய்கிறார்கள். 2022-இல் உலகெங்கும் உதவிப் பணிகளுக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்ததாகச் சபை கணக்குச் சொன்னது. பசித்தவனுக்குப் போன ஒவ்வொரு டாலரும் நல்ல டாலர்தான். ஆனால் இருப்போடு வைத்துப் பாருங்கள். விசுவாசியிடம் பத்தில் ஒன்று கேட்கிற சபை, தன் பெட்டியிலிருந்து நூறில் ஒன்று எடுத்தது. அந்த ஒன்றுக்கும் படம் பிடித்துப் போட்டாயிற்று. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவன்கூடத் தேங்காயை முழுசாகத்தான் உடைத்தான்.

இந்த இடத்தில் நம்மூர் ஆடிட்டர் ஒருவரை அமெரிக்காவுக்கு அனுப்பினால் மயக்கம் போட்டு விழுவார். இங்கே கோயில் அறக்கட்டளையோ, மசூதி டிரஸ்ட்டோ, தேவாலயச் சங்கமோ, வருமான வரிவிலக்கு வேண்டும் என்றால் பதிவு செய்ய வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும், ஐடிஆர்-7 தாக்கல் செய்ய வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். சேர்த்து வைப்பதென்றால் எதற்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கும் ஐந்தாண்டுக் கெடு. இந்தச் சட்டத்தை நம்மவர்கள் எப்படி வளைக்கிறார்கள் என்பது தனிக் கட்டுரை. ரத்த அழுத்தம் அனுமதித்தால் எழுதுகிறேன். ஆனால் வளைக்கவாவது ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைக்குச் சொத்து மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் கட்டாயம் செலவழிக்கும் விதி உண்டு. சபைக்கு அதுவும் இல்லை. இரண்டாம் வருகை வரை வைத்திருக்கலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது தேவாலயத்தின் மேல் கல் எடுத்தால் அவர் என் ஆள் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான சபைகள் சின்னச் சபைகள். ஞாயிற்றுக்கிழமை அறுபது எழுபது பேர், ஒழுகுகிற கூரை, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வருகிற போதகர், வீடில்லாதவர்களுக்குச் சூப் காய்ச்சும் நாலு பாட்டிகள். அவர்களிடம் கணக்குக் கேட்டால் நோட்டை அப்படியே எடுத்துக் காட்டுவார்கள். மறைக்க அவர்களிடம் எதுவும் இல்லை. படிவம் 990 என்றால் பயப்படுகிறவர்கள் அவர்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை இந்தப் பேச்சு எழும்போதும் கல்ஃப்ஸ்ட்ரீம்காரர்கள் அந்தப் பாட்டிகளின் சேலைக்குப் பின்னால்தான் போய் நின்றுகொள்கிறார்கள். மத சுதந்திரத்துக்கு ஆபத்தாம். வரவு செலவு எழுதினால் எந்தக் கடவுள் கோபித்துக்கொண்டு போனார்?

டாலஸிலும் ஹூஸ்டனிலும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசும்போது முதல் புலம்பல் வீட்டு வரிதான். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது; அதையும் சேர்த்து வீட்டில் பிடுங்கிவிடுவார்கள். மதிப்பில் இரண்டு சதவீதம் வரைகூடப் போகும். கோப்லாண்டின் ஏரிக்கரை வீடு போன்ற போதகர் இல்லங்கள் கட்டாததைச் சேர்த்துத்தான் பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் அங்கே கணக்குப் போடுகிறார்கள்.

தம்பி, கடைசித் தேதி ஜனவரி 31. மறந்துவிடாதே. பிப்ரவரியில் போய்க் கட்டினால் அபராதம் 6 சதவீதம், வட்டி 1 சதவீதம். 32,000 ரூபாய்க்கு 2,240 ரூபாய். ஐந்து ரூபாய் கணக்கு உனக்கு இல்லை.